நாய்களுக்கு வரும் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிவது எப்படி? சென்னையில் நாய் வளர்ப்போருக்கான முழுமையான வழிகாட்டி

நாய்களிடம் அதிகமாகக் காணப்படும் கட்டிகள் தோலிலும், பெண் நாய்களானால் பால்மடியிலும் வருபவை. நிணநீர் மண்டலத்தைத் தாக்கும் லிம்போமா என்ற புற்றுநோயும் பெரும்பாலும் கழுத்திலும் கால் மடிப்புகளிலும் நெறி கட்டியே முதலில் வெளிப்படுகிறது. எனவே, மாதம் ஒருமுறை பொறுமையாகத் தடவிப் பார்க்கும் பழக்கம் வீட்டில் இருந்தாலே, நாய் சோர்ந்து படுப்பதற்கு முன்பே பல புற்றுநோய்களைக் கண்டுபிடித்துவிடலாம். நான்கில் ஒரு நாய்க்கு வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டி நோய் வரும் என்றும், 10 வயதைக் கடந்த நாய்களில் ஏறக்குறைய பாதிக்குப் புற்றுநோய் வரும் என்றும் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் கூறுகிறது. அப்படியிருந்தும் நம் ஊரில் நாய்கள் முற்றிய நிலையில் மருத்துவரிடம் வந்து சேர்வதற்குக் காரணம், கட்டியை யாரும் பார்க்காதது அல்ல. பார்த்த பிறகு, "கொழுப்புக் கட்டியாகத்தான் இருக்கும், பெரிதானால் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவதுதான். தடவிப் பார்ப்பதையும், கண்ட கட்டியிலிருந்து ஊசியால் செல் எடுத்துச் சோதித்துவிடுவதையும் ஒரே வேலையின் இரண்டு பாதிகளாகக் கருத வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை.

எந்த வயதில் தொடங்குவது?

2023ஆம் ஆண்டு 'பிளோஸ் ஒன்' இதழில் வெளியான, 3,000-க்கும் மேற்பட்ட நாய்களின் பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை, புற்றுநோய் கண்டறியப்பட்ட இடைநிலை வயது 8.8 என்று கணக்கிட்டது. எல்லா நாய்களுக்கும் 7 வயதிலும், பாக்ஸர், கிரேட் டேன், புல்டாக் போன்று இளம் வயதிலேயே நோய்க்கு ஆளாகும் இனங்களுக்கு 4 வயதிலும் பரிசோதனைகளைத் தொடங்கலாம் என்பது அதன் பரிந்துரை. அந்த ஆய்வை நடத்தியவர்கள் நாய்களுக்கான புற்றுநோய் ரத்தப் பரிசோதனையை விற்றுவந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே அதை எடைபோட வேண்டும். பணம் செலவாகும் பரிசோதனைகளுக்கு இந்த வயது வரம்பு பொருத்தமானது. வீட்டில் கையால் செய்யும் சோதனைக்கு வயது வரம்பு எதுவும் தேவையில்லை. ஒரு வயதிலேயே தொடங்கிவிட்டால், வாயைத் திறக்கவும் வாலைத் தூக்கவும் நாய் எதிர்ப்புக் காட்டாமல் பழகிவிடும். அதன் உடலில் எது இயல்பு என்பது நம் விரல்களுக்கும் தெரிந்துவிடும்.

முதல் படி: நாளும் நோட்டும்

உண்ணி மாத்திரை கொடுக்கும் தேதியையோ, மாதந்தோறும் மறக்காத வேறொரு நாளையோ இதற்கென ஒதுக்கிக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் நண்பகலில் நாய் மூச்சிரைத்துக்கொண்டிருக்கும் நேரம் ஏற்றதல்ல. விடியற்காலையோ, இரவில் மின்விசிறியின் கீழ் அது அமைதியாகப் படுத்திருக்கும் வேளையோ நல்லது. ஒரு நோட்டு, ஓர் அளவுகோல், கைப்பேசி கேமரா ஆகியவை போதும். நாயைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்று, பிறகு உங்கள் எடையைக் கழித்து நாயின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். தூக்க முடியாத பெரிய நாயை மருத்துவமனைக்குச் செல்லும்போதெல்லாம் எடை போட்டுவிட வேண்டும். உணவு குறைக்காமலேயே எடை பத்தில் ஒரு பங்கு குறைவது, அதாவது 30 கிலோ லாப்ரடார் 27 கிலோவுக்கு இறங்குவது, மற்ற அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் மருத்துவரைப் பார்ப்பதற்குப் போதுமான காரணம்.

இரண்டாம் படி: நெறி பார்த்தல்

இந்தப் படியைத்தான் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள். உண்மையில் அதிக நேரம் செலவிட வேண்டியது இதில்தான். ஆரோக்கியமான நாயிடம் மூன்று ஜோடி நிணநீர் முடிச்சுகளை (வீங்கும்போது இவற்றைத்தான் நெறி என்கிறோம்) கையால் உணர முடியும். முதல் ஜோடி, கீழ்த்தாடை எலும்பு கழுத்தோடு சேரும் மூலையில் இருக்கிறது. இரண்டாவது, தோள்பட்டைக்கு முன்னால், கழுத்தின் அடிப்பகுதியில் சற்று ஆழத்தில் இருக்கிறது. மூன்றாவது, பின்னங்கால் முட்டிக்கு நேர் பின்புறம், தசைகளுக்கு நடுவே இருக்கிறது. இரு கைகளாலும் இரு பக்கங்களையும் ஒரே நேரத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பாருங்கள். தாடைக்கு அடியில் நிணநீர் முடிச்சுக்குச் சற்றுப் பின்னால் அதைவிடப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பி இருப்பதால், புதிதாகப் பார்ப்பவர்கள் அதை நெறி என்று எண்ணிப் பதறுவது உண்டு. முட்டிக்குப் பின்னால் இருக்கும் முடிச்சில் இந்தக் குழப்பம் கிடையாது. எனவே முதலில் அதைப் பழகிக்கொள்வது எளிது. அடுத்து மருத்துவரிடம் செல்லும்போது அவருடைய விரலோடு உங்கள் விரலையும் வைத்து மூன்று இடங்களையும் காட்டித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் மகிழ்ச்சியோடு செய்வார்கள்.

அக்குளிலும் தொடை இடுக்கிலும் முடிச்சுகள் வழக்கமாகக் கைக்குத் தெளிவாகத் தட்டுப்படுவதில்லை. அங்கே எளிதாகத் தட்டுப்பட்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். லிம்போமாவில் முடிச்சுகள் பல இடங்களில் ஒரே சமயத்தில் பெரிதாகும், கெட்டியாக இருக்கும், பெரும்பாலும் வலி இருக்காது. நாய் வழக்கம்போல் சாப்பிட்டு விளையாடிக்கொண்டும் இருக்கலாம். வலியில்லை என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்வது இந்த இடத்தில் பெரிய தவறு.

மூன்றாம் படி: பால்மடி

பெண் நாய்க்கு வழக்கமாக ஐந்து ஜோடி பால்மடிச் சுரப்பிகள், நெஞ்சிலிருந்து தொடை இடுக்கு வரை இரண்டு வரிசையாக அமைந்திருக்கும். நாயை மல்லாத்திப் படுக்க வைத்து, ஒவ்வொரு காம்பையும் சுற்றி விரல் நுனிகளால் மெல்ல உருட்டிப் பாருங்கள். பின்புறமுள்ள இரண்டு ஜோடிகளில்தான் கட்டிகள் அதிகம் வருகின்றன என்பதால் அங்கே கூடுதல் கவனம் வேண்டும். பால்மடிக் கட்டிகளில் ஏறக்குறைய பாதி தீங்கற்றவை, மறுபாதி புற்று. அளவு 3 சென்டிமீட்டரைத் தாண்டாத நிலையில் அகற்றப்பட்டால் பிழைக்கும் வாய்ப்பு தெளிவாகக் கூடுகிறது.

கருத்தடை செய்யாத நாய்களுக்குச் சூடு (இனச்சேர்க்கைப் பருவம்) முடிந்து சில வாரங்களில் பொய்க் கர்ப்பத்தால் மடி முழுவதும் வீங்கலாம். அது பொதுவாக இரு வரிசைகளிலும் பரவலாக இருக்கும், தானாக வடியும். ஒரே இடத்தில் மணிபோல் உருண்டு நிற்பது அப்படிப்பட்டதல்ல. மடி முழுவதும் சிவந்து, சூடாகி, தொட்டாலே நாய் துடிக்கிறது என்றால் அது மடி நோயாக இருக்கலாம். ஆனால் மிக வேகமாகப் பரவும் ஒருவகைப் புற்றும் இதே தோற்றத்தில் வருவதால், ஆன்டிபயாடிக் கொடுத்தும் சில நாட்களில் தணியாவிட்டால் காத்திருக்கக் கூடாது.

கருத்தடை பற்றி ஒரு சொல். முதல் சூட்டுக்கு முன் கருத்தடை செய்த நாய்களுக்குப் பால்மடிக் கட்டி வரும் ஆபத்து, செய்யாத நாய்களோடு ஒப்பிட 0.5 சதவீதம்தான் என்றும், முதல் சூட்டுக்குப் பின் அது 8 சதவீதமாகவும் இரண்டாவதற்குப் பின் 26 சதவீதமாகவும் உயர்கிறது என்றும் 1969இல் வெளியான ஆய்வு கூறியது. அந்த எண்களின் வலிமை குறித்துப் பின்னாளில் கேள்விகள் எழுந்தன. ராட்வைலர், கோல்டன் ரெட்ரீவர் போன்ற இனங்களில் மிக இளம் வயதுக் கருத்தடைக்கும் வேறு சில புற்றுநோய்களுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஆய்வுகளும் உண்டு. ஆகவே எந்த வயதில் செய்வது என்பதை இனத்தைச் சொல்லி மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள்.

நான்காம் படி: தோல்

தலையிலிருந்து வால்வரை முடியை எதிர்த்திசையில் விலக்கியபடி உள்ளங்கையால் தடவிக்கொண்டு வாருங்கள். காது மடல், விரல் இடுக்குகள், வாலின் அடிப்பகுதி ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். கட்டி தென்பட்டால் நீள அகலத்தை அளந்து, அளவுகோலையும் சேர்த்துப் படம் எடுத்து, உடலின் எந்த இடம் என்பதை எழுதி வையுங்கள். 1 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, சிறிதாயினும் ஒரு மாதமாக மறையாமல் நின்றாலோ அதை ஊசியால் சோதிக்க வேண்டும். மென்மையாக இருக்கிறது, நகர்கிறது, வலிக்கவில்லை என்பதெல்லாம் தீங்கற்றது என்பதற்குச் சான்று ஆகாது. கொழுப்புக் கட்டியைத் தொட்டுப் பார்த்தே உறுதிசெய்யும் திறமை எந்த மருத்துவருக்கும் கிடையாது.

மாஸ்ட் செல் கட்டி என்பது நாய்களின் தோலில் வரும் புற்றுகளில் மிகவும் பரவலாகக் காணப்படுவது; லாப்ரடார், பாக்ஸர், பக் ஆகிய இனங்களில் அதிகம் வருகிறது. சில நாட்கள் வீங்கி, சில நாட்கள் வற்றுவது இதன் குணம். "குறைந்துவிட்டதே" என்று மனம் தேறும் நேரத்தில்தான் இது நம்மை ஏமாற்றுகிறது. இதைப் பிசையவோ நசுக்கவோ கூடாது. உள்ளிருக்கும் ஹிஸ்டமின் என்ற ஒவ்வாமைப் பொருள் வெளியேறித் தோல் தடிக்கவும், வாந்தி வரவும், மலம் கருப்பாகப் போகவும் காரணமாகலாம்.

பால்வெள்ளை முடியும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட ராஜபாளையம், வெள்ளை முடி மிகுந்த டால்மேஷன் போன்ற நாய்கள் மொட்டை மாடி வெயிலில் வயிற்றைக் காட்டிப் படுப்பதை விரும்பும். நிறமி இல்லாத தோலில் தொடர்ந்து வெயில் படுவது தோல் புற்றுக்கு வழிவகுக்கும் என்பதால், வயிற்றிலும் மூக்கு நுனியிலும் ஆறாத புண், தடித்த செதில், சிவந்த புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரிய கருப்பு நாய்களுக்கு, குறிப்பாகக் கருப்பு லாப்ரடாருக்கு, ஒரே ஒரு விரல் வீங்கி நகம் விழுந்தால் அதைச் சாதாரண நகச்சுற்று என்று தொடர்ந்து களிம்பு போட்டுக்கொண்டிருக்காமல் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: வாய், மலவாய், விரை, எலும்பு

உதட்டைத் தூக்கி ஈறுகளையும், வாயைத் திறந்து நாக்கின் அடியையும் மேலண்ணத்தையும் பாருங்கள். நம் நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறிலும் நாக்கிலும் தட்டையான கருமை இயல்பாகவே உண்டு; அது நோயல்ல. மேடாக எழும்பிய எதுவும், கருப்பானாலும் இளஞ்சிவப்பானாலும், காட்டப்பட வேண்டியதே. புதிதாக வரும் கடும் நாற்றம், ரத்தம் கலந்த எச்சில், ஒரு பக்கமாகவே மெல்லுவது, வயதான காலத்தில் காரணமில்லாமல் ஒரு பல் ஆடுவது ஆகியவை வாய்ப் புற்றின் முதல் தடயங்களாக இருக்கலாம். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட, உங்களிடம் பழகிய சொந்த நாயின் வாயை மட்டுமே இப்படித் திறந்து பார்க்க வேண்டும்.

வாலைத் தூக்கி மலவாயைச் சுற்றிலும் பாருங்கள். மலவாயின் இரு பக்கமும் உள்ளே இருக்கும் மலவாய்ப் பைகளில் வரும் புற்று பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. மருத்துவர் கையுறை அணிந்து உள்ளே விரல்விட்டுச் சோதித்தால்தான் பிடிபடும். ஆண்டுப் பரிசோதனையில் இதைச் செய்யும்படி நீங்களே கேட்டுப் பெறுங்கள். மலம் தட்டையாக வருவதும், தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்துச் சிறுநீர் அதிகம் கழிப்பதும் இதன் அடையாளங்கள். ரத்தத்தில் கால்சியம் உயர்வதால் அந்தத் தாகம் உண்டாகிறது.

ஆண் நாயின் இரண்டு விரைகளும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று பாருங்கள்; இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே தங்கிய விரையில் கட்டி வரும் ஆபத்து பத்து மடங்குக்கும் அதிகம் என்பதால் அதை அகற்றிவிடுவதே நல்லது.

ராட்வைலர், கிரேட் டேன் போன்ற பெரிய இனங்களில் எலும்புப் புற்று, முன்னங்காலில் மணிக்கட்டுக்கு அருகிலும் தோளுக்கு அருகிலும், பின்னங்காலில் முட்டியைச் சுற்றியும் வருகிறது. வலி மருந்து கொடுத்தும் இரண்டு வாரங்களில் சரியாகாத நொண்டலுக்கு எக்ஸ்ரே எடுக்காமல் "சுளுக்கு" என்று பெயர் வைக்கக் கூடாது.

ஆறாம் படி: உண்ணிக் காய்ச்சலையும் புற்றையும் பிரித்தறிதல்

சென்னையின் வெப்பமும் ஈரப்பதமும் ஆண்டு முழுவதும் பழுப்பு உண்ணி பெருகுவதற்கு ஏற்றவை. உண்ணியால் பரவும் எர்லிக்கியா, பெபீசியா ஆகிய நோய்கள் இங்கே சர்வ சாதாரணம். எர்லிக்கியாவால் நெறி கட்டும், மண்ணீரல் வீங்கும், எடை குறையும், ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் வடியும். இவை ஒவ்வொன்றும் லிம்போமா, மண்ணீரல் கட்டி, மூக்குப் புற்று ஆகியவற்றின் அறிகுறிகளும்கூட. குளிர்நாடுகளில் எழுதப்படும் வழிகாட்டிகளை அப்படியே பின்பற்ற முடியாமல் போவது இந்த இடத்தில்தான்.

குழப்பம் இரண்டு திசைகளிலும் நடக்கும். நெறி கட்டியதைக் கண்டதும் புற்று என்று முடிவுகட்டி மனம் உடைந்துபோகிறவர்கள் உண்டு; டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்ததும் நாய் தேறிவிடும். இன்னொரு பக்கம், "எர்லிக்கியா பாசிட்டிவ்" என்று ஒரு சீட்டு வந்ததும் எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் என்று நான்கு வாரம் மாத்திரை கொடுத்துக் காத்திருந்து, அதற்குள் லிம்போமா முற்றிவிடும் நாய்களும் உண்டு. உடனடி முடிவு தரும் பரிசோதனைப் பட்டைகளில் பல, கிருமியைக் காட்டுவதில்லை. அதற்கு எதிராக உடலில் உருவான எதிர்ப்புப் பொருளையே காட்டுகின்றன. பழைய தொற்று நீங்கிய பிறகும் பல மாதங்களுக்கு அது பாசிட்டிவ் என்றே வரக்கூடும். எனவே, உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனையையும், பெரிதான நெறியிலிருந்து ஊசியால் செல் எடுத்துப் பார்ப்பதையும் ஒரே நாளில் செய்துவிடுங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை. ஒன்று பாசிட்டிவ் ஆனதால் மற்றது இல்லை என்று ஆகிவிடாது.

ஏழாம் படி: மருத்துவரிடம் கேட்க வேண்டியது

ஊசிப் பரிசோதனையை மருத்துவர்கள் எஃப்.என்.ஏ.சி. என்பார்கள். தடுப்பூசிக்குப் பயன்படுவது போன்ற மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, சில செல்களை எடுத்து, கண்ணாடித் தகட்டில் பரப்பி, சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. "ஊசி குத்தினால் புற்று பரவிவிடும்" என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. தோல் கட்டிகளிலும் நெறியிலும் இந்த ஆபத்து மிக மிக அரிது. குறிப்பாகச் சிறுநீர்ப்பைக் கட்டிகளில் மருத்துவர்கள் இதைத் தவிர்க்கிறார்கள். போதிய செல்கள் கிடைக்கவில்லை என்று அறிக்கை வந்தால் அது நல்ல செய்தி அல்ல. விடை கிடைக்கவில்லை என்றே பொருள். மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள், அல்லது சிறு சதைத் துண்டை வெட்டி எடுத்துச் சோதிக்கும் பயாப்சிக்குச் செல்லுங்கள்.

தோல் அரிப்புக்காகப் போடும் ஸ்டீராய்டு ஊசி இங்கே வழக்கம். பிரெட்னிசோலோன் போன்ற மருந்துகள் லிம்போமாவையும் மாஸ்ட் செல் கட்டியையும் தற்காலிகமாகச் சுருக்கி, நோயை அடையாளம் காண்பதைக் கெடுக்கும். லிம்போமாவில் பின்னர் தரும் கீமோதெரபியின் பலனையும் குறைக்கும். ஆகவே செல் எடுத்துப் பார்க்கும்வரை ஸ்டீராய்டு வேண்டாம் என்று பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்.

1903இல் தொடங்கப்பட்டு, இன்று தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் மருத்துவம், அறுவைச் சிகிச்சை, நோய்க்குறியியல் ஆகிய துறைகள் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. காலையிலேயே கூட்டம் கூடிவிடும். நோட்டையும் படங்களையும் எடுத்துச் சென்றால் குறைந்த நேரத்தில் நிறையச் சொல்லிவிடலாம்.

எட்டாம் படி: கைக்கு எட்டாத உறுப்புகள்

7 வயதுக்குப் பின் ஆண்டுக்கு ஒருமுறை, முடிந்தால் இருமுறை, முழு ரத்த எண்ணிக்கை, கால்சியம் உள்ளிட்ட உயிர்வேதிப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை ஆகியவற்றையும், வயிற்று அல்ட்ராசவுண்டையும் செய்வது பயனளிக்கும். ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர் ஆகிய இனங்களில் மண்ணீரலில் வரும் ஹெமாஞ்சியோசர்கோமா என்ற ரத்த நாளப் புற்று, வெடித்து உள்ளே ரத்தம் கசியும்வரை எதையும் காட்டாது. நாய் திடீரென்று சரிந்து விழுந்து, ஈறு வெளுத்து, சில மணி நேரத்தில் தானாகத் தேறினால், வெயில் மயக்கம் என்று விட்டுவிடாமல் அன்றே அல்ட்ராசவுண்ட் எடுங்கள். மண்ணீரலில் தெரியும் எல்லாக் கட்டியும் புற்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

சிறுநீரில் ரத்தம் வந்து, ஆன்டிபயாடிக் கொடுத்தால் நின்று, மீண்டும் மீண்டும் திரும்பினால் சிறுநீர்ப்பையை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். சிறுநீர்ப்பைப் புற்றுள்ள நாய்களில் ஏறக்குறைய 85 சதவீதத்திடம் பிராஃப் என்ற மரபணு மாற்றம் காணப்படுகிறது. சிறுநீரிலேயே அதைக் கண்டறியும் பரிசோதனையும் வெளிநாடுகளில் உண்டு.

ஒரு துளி ரத்தத்தில் எல்லாப் புற்றையும் கண்டுபிடிக்கலாம் என்ற விளம்பரங்களை நிதானமாகப் படியுங்கள். ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் மரபணுத் துண்டுகளைத் தேடும் பரிசோதனை ஒன்றை ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களிடம் சோதித்து 2022இல் வெளியிட்டார்கள். புற்று இல்லாத நாய்களில் 98.5 சதவீதத்தை அது சரியாகச் சொன்னது. புற்றுள்ள நாய்களில் 54.7 சதவீதத்தை மட்டுமே பிடித்தது. இவ்வகைப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தால் தேடத் தொடங்க வேண்டும். நெகட்டிவ் வந்ததை நம்பி விரல்களுக்கு ஓய்வு கொடுத்துவிடக் கூடாது.

தெருநாய்களுக்கு உணவிடுவோர் கவனிக்க வேண்டியது

நம் தெருக்களில் அதிகம் காணப்படும் புற்று, இனச்சேர்க்கை மூலமும் நக்குவது, முகர்வது மூலமும் உயிருள்ள கட்டிச் செல்களே ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும் பாலுறுப்புக் கட்டி. நாயின் செல்லில் 78 குரோமோசோம்கள் இருக்க, இந்தக் கட்டியின் செல்களில் அதைவிடக் குறைவாகவே இருப்பது, இது அந்த நாயின் உடலில் தோன்றியதல்ல என்பதைக் காட்டுகிறது. பெண் நாய்க்குச் சூட்டுக் காலம் முடிந்த பின்னும் வாரக்கணக்கில் ரத்தம் சொட்டுவது, ஆண் நாயின் உறுப்பிலிருந்து ரத்தம் கசிவது, பிறப்புறுப்பிலோ மூக்கிலோ பூக்கோசு வடிவில் சதை வளர்வது ஆகியவை இதன் அடையாளங்கள். இதையும் ஊசியாலோ, தகட்டில் ஒற்றி எடுத்தோ எளிதில் உறுதிசெய்யலாம். வாரம் ஒருமுறை வீதம் பொதுவாக நான்கு முதல் ஆறு முறை வின்கிறிஸ்டின் என்ற கீமோதெரபி மருந்தை ரத்த நாளத்தில் செலுத்தினால் மிகப் பெரும்பாலான நாய்கள் முழுமையாகக் குணமடைகின்றன. மருந்து ரத்த நாளத்துக்கு வெளியே கசிந்தால் சதை அழுகும் என்பதாலும், ஒவ்வொரு முறையும் வெள்ளையணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டியிருப்பதாலும், இதை மருத்துவரே செலுத்த வேண்டும். பாதியில் நின்றுவிட்டால் கட்டி மறுபடி வளரும். ஆகவே முழுச் சிகிச்சை முடியும்வரை நாயைத் தங்கவைக்க இடம் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், கையோடு கருத்தடைக்கும் ஏற்பாடு செய்யுங்கள்.

கட்டியை அகற்றிய பிறகு

வெட்டி எடுத்த கட்டி குப்பைக்குப் போய்விடுவதை அனுமதிக்காதீர்கள். அதைப்போல் பத்து மடங்கு ஃபார்மலினில் (சதையைக் கெடாமல் காக்கும் திரவம்) இட்டு, முழுவதையும் நோய்க்குறியியல் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். பால்மடியில் பல கட்டிகள் இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளமிட்டு அனுப்ப வேண்டும். ஒன்று தீங்கற்றதாகவும் பக்கத்திலிருப்பது புற்றாகவும் இருப்பது அடிக்கடி நடக்கிறது. அறிக்கையில் மூன்று விவரங்களைத் தேடுங்கள்: எந்த வகைக் கட்டி, எந்த அளவு தீவிரம், வெட்டிய ஓரங்களில் புற்றுச் செல்கள் மிச்சமிருக்கின்றனவா. புற்று என்று உறுதியானால், நெஞ்சை மூன்று கோணங்களில் எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேளுங்கள். ஒரே கோணத்தில் எடுத்தால் நுரையீரலின் ஒரு பகுதியில் உள்ள புள்ளிகள் மறைந்துபோகும். சில மில்லிமீட்டர் அளவுள்ளவை மூன்று கோணங்களிலும்கூடத் தெரியாமல் போகலாம் என்பதால், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை முதல் ஆண்டில் திரும்ப எடுப்பது பல மருத்துவர்களின் வழக்கம். தழும்பின் ஓரத்தையும், அந்தப் பக்கத்து நெறியையும் இனி மாதச் சோதனையின் தொடக்கத்திலேயே பார்த்து, அளவை நோட்டில் எழுதிவிடுங்கள்.